பாடாத மூன்று சரணங்கள்

டொரன்டோ
8 பிப்ரவரி 1981

அன்புள்ள சல்மே அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் ஹெல்வே எழுதுகிறேன். பத்து நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி சுகம்தான். இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது?

அம்மா இருந்தவரை உங்களுக்கு அவள்தான் எழுதுவாள். அவள் போன பிறகு நான் கிறிஸ்துமஸ் அட்டையோடு நிறுத்திக்கொண்டேன். இன்று அட்டையில் அடங்காத செய்தி இருக்கிறது. நான் தாலினுக்கு வருகிறேன்!

இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் எஸ்டோனியப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறோம். நடத்துபவன் ராய்வோ, சட்டம் படிக்கிறான். பியானோ வாசிப்பவள் மால்லே, என் அறைத் தோழி. ஜூன் கடைசியில் ஐந்து நாள் அங்கே வந்து பாட அனுமதி கிடைத்திருக்கிறது. ஹெல்சின்கி வரை விமானம், அங்கிருந்து கப்பல். எங்களில் ஒருவர்கூட அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். நம் மொழி கற்றுத்தரும் சனிக்கிழமைப் பள்ளியில் அத்தனை தடவை வரைய வைத்திருக்கிறார்கள்.

சட்பரியில் இருக்கும் அப்பாவுக்கு நேற்றுதான் எழுதிப் போட்டேன். உலையில் நிக்கல் உருக்குகிறவர் இதைப் படித்து எவ்வளவு கொதிப்பார் என்று தெரியும். கொதிக்கட்டும். நான் வருவேன்.

உங்களைப் பார்க்கத் துடிக்கும்
ஹெல்வே


சட்பரி
1 மார்ச் 1981

மகள் ஹெல்வேவுக்கு,

தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. தேனை நம்பாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போகாதே.

அவர்கள் உங்களை அழைப்பது பாட்டுக் கேட்கவா? ஓடிப்போனவர்களின் பிள்ளைகளே திரும்பி வந்து கைகுலுக்குகிறார்கள் என்று படம் பிடித்துப் போடுவதற்கு அழைக்கிறார்கள். செம்படை ஊரைப் பிடித்தபோது நான் பத்தொன்பது வயதில் மீன்பிடிப் படகில் ஏறி, குண்டு விழுந்த கடலைத் தாண்டி வந்தவன். அந்த மண் விடுதலையாகும்வரை அதில் கால் வைக்கமாட்டேன் என்று அன்று சொன்னதை இன்றுவரை மாற்றவில்லை. என் கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. அந்நியன் முதலில் பிரித்துப் படிக்கிற கடிதத்தை எழுத என் கை வராது.

உலையில் என்னோடு வேலை செய்யும் வைனோ நேற்று எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்னப்பா எண்டெல், உன் பொண்ணு செங்கொடி புடிக்கப் போறாளாமே?" நான் என்ன பதில் சொல்ல, நீயே எழுது.

போவதென்றால் கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

உன் அப்பா
எண்டெல்


தாலின்
29 மார்ச் 1981

என் செல்ல ஹெல்வே,

உன் கடிதம் பத்திரமாக வந்தது. உறையை மிக நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள். நீ ஒட்டியதைவிட நேர்த்தியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் தபால் இலாகாவினர் அவ்வளவு கவனமானவர்கள். எனவே இனி வானிலை பற்றி நிறைய எழுது. அவர்களும் விரும்பிப் படிப்பார்கள்.

இங்கே பனி இன்னும் உருகவில்லை. முழங்கால் படிக்கட்டில் மட்டும் முனகுகிறது. பள்ளியில் என் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இருமுகிறார்கள். அதையும் சுருதி சேர்த்து இருமக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

ஓட்டலுக்கு வந்து உன்னைப் பார்ப்பேன். கச்சேரிக்கும் வருவேன். நீலக் கோட்டு, மூன்றாம் வரிசை. எனக்கென்று எதுவும் வாங்கி வராதே. காபித்தூள் என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

எண்டெல் கோபமாக இருப்பான். சின்ன வயதில் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான். சாப்பாட்டை மட்டும் இரண்டு மடங்கு சாப்பிடுவான். இப்போது யார் சமைக்கிறார்கள்?

வெதுவெதுப்பான காலுறை எடுத்து வா. ஜூன் என்று ஏமாந்துவிடாதே.

அத்தை
சல்மே


டொரன்டோ
3 மே 1981

அன்புள்ள அப்பாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. உப்புத் தண்ணீருக்குத்தான் கேட்டது, உங்கள் பக்கம் ஒரு வெற்றி. அதோடு வெற்றிக் கணக்கு முடிந்தது. நாங்கள் போகிறோம்.

மற்றவர் வாயால் கேட்பதைவிட என்னிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நம் சங்கத்து மண்டபத்தில் ஒத்திகைக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தலைவர் லெம்பித் ஐயா வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார். "அங்க போய்ப் பாடறவங்களுக்கு இந்த மண்டபத்துச் சாவி கிடையாது" என்றார். மால்லே சும்மா இருப்பாளா? "சாவி நீங்களே வெச்சுக்குங்க ஐயா. எங்களுக்குத் தொண்டை இருக்கு, அது போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். இப்போது எங்கள் கட்டடத்து நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே பாடுகிறோம். மால்லே எங்கிருந்தோ ஒரு பழைய பியானோவை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாலினிலிருந்து நிபந்தனை வந்திருக்கிறது. கச்சேரியின் முடிவில் அவர்கள் ஆட்சியைப் புகழும் நட்புப் பாட்டு, மூன்று சரணமும், இடம்பெற வேண்டும். ராய்வோ கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனோடு நான் ஒரு வாரம் பேசவில்லை.

வைனோ மாமாவுக்குப் பதில்: நான் எந்தக் கொடியும் பிடிக்கப் போவதில்லை. நீங்கள் ராத்திரி ராத்திரி கதை சொல்லி என்னை எந்த ஊருக்காக ஏங்க வைத்தீர்களோ, அந்த ஊரைப் பார்க்கப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
ஹெல்வே


ஹெல்சின்கி
27 ஜூன் 1981

அப்பா,

இன்று காலை கப்பலில் ஹெல்சின்கி வந்து சேர்ந்தோம். இங்கிருந்து போடும் கடிதத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

அத்தையை இரண்டு தடவை ஓட்டல் கூடத்தில் பார்த்தேன். பக்கத்துச் சோபாவில் ஒரு பெண் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தை என் கையை விடவே இல்லை. பேசியதெல்லாம் உருளைக்கிழங்கைப் பற்றி. அவளுக்கு உங்கள் மூக்கு அப்பா. அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

நேற்று கச்சேரி. மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடைக்குப் பின்னால் சாம்பல் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். "கடைசிப் பாட்டு ஞாபகம் இருக்கில்ல? அது நல்லபடியா முடிஞ்சாத்தான் நாளைக்குக் கப்பல்" என்று சிரித்தார். ராய்வோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவர் போனதும் என்னிடம் மெல்லச் சொன்னான்: "ஹெல்வே, என்னைத் திட்டாத. இருபத்து நாலு பேரையும் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு வேற வழி தெரியல." பாவமாக இருந்தது.

நம் பாட்டுகளைப் பாடினோம். ஜனங்கள் அழுதார்கள், சிரித்தார்கள், கூடவே முணுமுணுத்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் நட்புப் பாட்டை அறிவித்தார்கள். நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ஒருத்தி பாடாவிட்டால் யாருக்குத் தெரியும்? மால்லே முன்னிசையை வாசித்து முடித்தாள். ராய்வோ கையை உயர்த்தி இறக்கினான்.

எனக்கு வலப்பக்கம் சத்தமில்லை. இடப்பக்கம் சத்தமில்லை. பின் வரிசையில் அந்தப் பெரிய குரல் பையன்கள்கூட வாய் திறக்கவில்லை. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை அப்பா! ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் பாடப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு மூடிய வாய்கள்.

ராய்வோ எங்களைப் பார்த்தான். ஒரு கணம்தான். அப்புறம் நிறுத்தாமல் கையை வீசித் தாளம் போட்டான். மால்லே நிறுத்தாமல் வாசித்தாள். மூன்று சரணமும் பியானோ மட்டும். முதல் சரணம் முடிவதற்குள் மூன்றாம் வரிசையில் நீலக் கோட்டு எழுந்து நின்றது. அதன் பின் மண்டபம் முழுவதும் எழுந்தது. கைதட்டவில்லை, நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் சாம்பல் கோட்டுக்காரர் கத்தினார்: "யாரும் பாடலையே!" மால்லே கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினாள். "பாட்டு இடம்பெறும்னு இருக்கு. இடம்பெற்றுச்சு. யாரு பாடணும்னு எழுதலையே ஐயா?" ராய்வோ சட்டம் படிக்கிறான், அந்த ஓட்டையைக் கண்டது மால்லே.

துறைமுக வாசலில் எங்கள் பெட்டிகளைக் கொட்டிக் கிளறினார்கள். அவ்வளவுதான். வந்துவிட்டோம்.

உங்கள் ஹெல்வே


சட்பரி
9 ஆகஸ்ட் 1981

ஹெல்வேவுக்கு,

நான் நலம். மழை இல்லை.

உன் ஹெல்சின்கிக் கடிதத்தைப் படித்து, ஒரு நாள் முழுக்க வைனோவிடம் பீற்றிக்கொண்டேன். மறு வாரம் டொரன்டோவிலிருந்து நம்மவர் பத்திரிகை வந்தது. தாலின் பத்திரிகையில் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 'கனடாவிலிருந்து வந்த மாணவர் குழு நிறைவாக நட்புப் பாடலை உணர்ச்சி பொங்கப் பாடியது. அவையோர் அனைவரும் எழுந்து நின்றனர்.' படமும் இருக்கிறது. ராய்வோவின் கை மேலே இருக்கிறது. நீ இரண்டாம் வரிசையில் நிற்கிறாய். ஜனம் எழுந்து நிற்கிறது.

பாடாத பாட்டுக்கு எந்த ஊர் ஜனம் எழுந்து நிற்கும்? வைனோ கேட்டான். நானும் அதையே கேட்கிறேன். பயந்து பாடினீர்கள் என்றால் அது எனக்குப் புரியும். பாடிவிட்டு எனக்குக் கதை எழுதியதுதான் புரியவில்லை.

அப்பா


டொரன்டோ
16 ஆகஸ்ட் 1981

அப்பாவுக்கு,

முப்பத்தேழு வருஷமாக அந்தத் தாலின் பத்திரிகையில் தேதியைத் தவிர எல்லாமே பொய் என்று சொன்னவர் நீங்கள். அதில் ஒரே ஒரு செய்தியை நம்பத் தோன்றியபோது, உங்கள் மகளைப் பற்றிய செய்தியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவை சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸுக்கும் வரமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெல்வே


டொரன்டோ
4 அக்டோபர் 1981

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே வானிலை அருமை. மேப்பிள் மரமெல்லாம் சிவந்துவிட்டது. நிலவறையில் ஈரம் ஏறி மால்லேயின் பியானோ கரகரக்கிறது. மண்டபத்தில் இப்போதைக்கு எங்களுக்குக் கச்சேரி எதுவும் இல்லை, அதனால் படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

அப்பாவுக்கு உலையில் வேலை அதிகம் போலிருக்கிறது. உங்கள் நாற்பது பிள்ளைகளும் இந்த வருஷம் என்ன பாடுகிறார்கள்? இருமல் போயிற்றா? காபித்தூள் தீர்ந்தால் எழுதுங்கள்.

பிரியமுள்ள
ஹெல்வே


தாலின்
10 ஜனவரி 1982
மூன்றாம் முறை

தம்பி எண்டெலுக்கு,

இதே கடிதத்தை நவம்பரில் ஒரு தடவையும் டிசம்பரில் ஒரு தடவையும் எழுதினேன். உன்னிடமிருந்து ஒரு முனகல்கூட வராததால் இரண்டும் வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இதை முதலில் பிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: என்னிடம் காகிதம் நிறைய இருக்கிறது. உங்களுக்கு அலுக்கும்வரை எழுதுவேன்.

எண்டெல், நீ உயிரோடும் திடமாகவும் இருக்கிறாய் என்று ஹில்யா சொன்னாள். நம் ஊர்க்காரி, டொரன்டோவில் இருப்பவள், தன் அக்காவை அடக்கம் செய்ய நவம்பரில் இங்கே வந்திருந்தாள். மிச்சத்தையும் அவள்தான் சொன்னாள். "சல்மே, உன் தம்பி மகளை அங்க யாரும் மதிக்கறதில்ல. மண்டபத்துல அவ நுழைஞ்சா எந்திரிச்சுப் போயிடறாங்க. அப்பனும் பேசறதில்ல" என்றாள். ஹெல்வே எனக்கு எழுதிய கடிதத்தில் மேப்பிள் இலை மட்டும்தான் இருந்தது. அவள் என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாள். எனக்கு யாரும் காவல் இருக்க வேண்டாம்.

கேள். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். அவர்கள் பாடவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு பிள்ளை வாயசைத்து ஏமாற்றினாலே கண்டுபிடிப்பேன். இருபத்து நான்கு பேர் மூன்று சரணமும் உதட்டைப் பிரிக்கவில்லை. முதலில் எழுந்து நின்றது நான். பாடாததற்கு யார் எழுந்து நிற்பார் என்று கேட்டாயாமே? நாங்கள் நிற்போம். வருஷக்கணக்கில் எங்களைப் பாட வைத்திருக்கிறார்கள். பாடாமல் இருக்கலாம் என்று ஒரு கூட்டம் பிள்ளைகள் வந்து காட்டினால் உட்கார்ந்திருக்க முடியுமா?

செப்டம்பரில் என்னைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஹெல்வேவுக்கு இதை எழுதவில்லை, தன்னால்தான் என்று நினைப்பாள். அவளால் இல்லை. எழுந்தது என் கால்.

நீ ஊரை விட்டுப் போனதற்காக நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அம்மாவின் படுக்கையோரம் நான் இருந்தேன், நீ படகேறினாய். இரண்டுக்கும் துணிச்சல் வேண்டும். ஆனால் பெற்ற பெண்ணின் வார்த்தையைவிட அந்தக் காகிதத்தைப் பெரிதாக நினைத்தாயே, முட்டாளே!

அவள் வார்த்தை போதாது என்றால் இந்தா, என் வார்த்தை. உங்கள் மண்டபத்தில் நின்று இதை வாசி. என் முழுப் பெயரையும் சொல்லி வாசி.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மீன் சாப்பிடு.

உன் அக்கா
சல்மே


டொரன்டோ
28 பிப்ரவரி 1982

என் அத்தைக்கு,

உங்கள் முழங்காலை விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. பள்ளி வேலை போனதை எப்படி மறைத்தீர்கள்? உங்களிடம் இருமலைப் பற்றிக் கேட்டேனே நான்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். இங்கே நாங்கள் இன்னும் கொண்டாடும் 1918 விடுதலை நாளுக்கு மண்டபத்தில் கூட்டம். நானும் மால்லேவும் எப்போதும் போலக் கடைசியில், கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். பாதிக் கூட்டத்தில் கதவு திறந்து அப்பா வந்தார். சட்பரியிலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார், தொப்பியெல்லாம் பனி. நேரே மேடைக்குப் போனார்.

லெம்பித் ஐயா தடுத்தார். "எண்டெல், நிகழ்ச்சியில உன் பேரு இல்லையே."

"என் பேரு வேண்டாம். என் அக்கா பேரு இருக்கு."

"கூட்டம் முடிஞ்சதும் பேசிக்கலாம்பா."

"முப்பத்தேழு வருஷமா நான் வாயத் தொறக்கல லெம்பித். இன்னிக்குத் தொறந்துட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லு."

உங்கள் முழுப் பெயரைச் சொன்னார். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். 'முட்டாளே' என்ற இடத்தில் நிறுத்தினார். விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மண்டபமே அதிரும்படி அதையும் வாசித்தார். மீன் சாப்பிடச் சொன்னதைக்கூட விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பேப்பர நம்பினேன், உன்ன நம்பல. அதுக்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றார். நான் நிறையச் சொன்னேன், அத்தை. ஆறு மாதம் சேர்த்து வைத்ததை அங்கேயே, கோட்டுகளுக்கு நடுவே சொன்னேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் கட்டிக்கொண்டேன்.

லெம்பித் ஐயா மேடையிலிருந்து, "பிள்ளைங்க வந்து ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்று குழைந்தார். ராய்வோ எழுந்தான். "வியாழக்கிழமை எங்க நிலவறையில ஒத்திகை ஐயா. கேக்கணும்னா அங்க வாங்க. துவைக்கிற துணியும் கொண்டுவரலாம்." அந்த வியாழக்கிழமை படிக்கட்டுவரை ஆட்கள் நின்றார்கள்.

அப்பா உங்களுக்குத் தனியாக எழுதுகிறார். எழுதி எழுதிக் கிழிக்கிறார். எனக்கு இப்போது ஒரே கவலைதான். அந்தக் கடிதத்துக்காக உங்களை என்ன செய்தார்கள்? உடனே எழுதுங்கள்.

ஹெல்வே


தாலின்
12 ஏப்ரல் 1982

அன்புள்ள எண்டெல், ஹெல்வே இருவருக்கும்,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கோபப்படுகிறேன். ஆகவே நலம். எண்டெல், உன் நான்கு வரி கிடைத்தது. அதில் இரண்டு எழுத்துப் பிழை. பரவாயில்லை, கற்றுக்கொள்வாய்.

பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகளில் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை என் சமையலறைக்குப் பாட வருகிறார்கள். பெற்றோருக்குத் தெரிந்துதான். மேல்வீட்டுக்காரி தரையைத் தட்டினாள். தாளம் தப்பித் தட்டினாள். மாடி ஏறிப் போய்த் திருத்தினேன்.

ஹெல்வே கேட்டதற்கு வருகிறேன். மார்ச்சில் பாதுகாப்புத் துறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இளவயது அதிகாரி, நல்ல சட்டை. மேஜையில் என் முதல் கடிதமும் இரண்டாம் கடிதமும் இருந்தன. மூன்றாவதைக் காணோம். அதை யார் விட்டார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அதுதான் அவருடைய எரிச்சல்.

"இது உங்க கையெழுத்தா?" என்றார்.

"ஆமா. படிக்கக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, பெருசா எழுதித் தர்றேன்."

"விளையாடாதீங்கம்மா. நாட்டுப் பத்திரிகையில வந்த செய்தியப் பொய்னு வெளிநாட்டுக்கு எழுதியிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய அவதூறு தெரியுமா?"

"நான் கண்ணால பாத்ததத்தான் எழுதினேன்."

"அன்னிக்கு முதல்ல எழுந்து நின்னது நீங்கதானே?"

"நான்தான்."

"எதுக்கு எழுந்தீங்க?"

"பேப்பர்ல போட்டிருக்கே, உணர்ச்சி பொங்கப் பாடினாங்கன்னு. எனக்கும் உணர்ச்சி பொங்கிடுச்சு. எழுந்துட்டேன்."

அவர் மேஜையை ஓங்கித் தட்டினார். "என்னம்மா உணர்ச்சி? ஒருத்தனும் வாயத் தொறக்கலையே!"

பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சட்டென்று நிறுத்தினாள். அவ்வளவு நேரமும் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அடித்துக்கொண்டிருந்தவள், இதை அடிக்கலாமா கூடாதா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"அடிச்சுக்கம்மா," என்றேன் அவளிடம். "ஐயாவும் அதேதான் சொல்றாரு."

நீலக் கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அக்காவும் அத்தையுமான
சல்மே